அடுப்பணைத்துப் பிறக்கும் ஆண்டு

போன மாசம் பரணைத் துப்புரவு செய்துகொண்டிருந்த மருமகள், சிமெண்டுத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கீழே நீட்டினாள். “அத்தே, அச்சு முறுக்கு அச்சு ஒண்ணு கெடக்கு. பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடலாமா?”

பிரித்துப் பார்த்தேன். பூவாக வார்த்த பித்தளை, அதில் முறுக்கிய நீண்ட இரும்புக் கம்பி, பிடிப்பதற்கு ஒரு கட்டை. கைபட்டுக் கைபட்டு அந்தக் கட்டையின் நடுப்பாகம் ஒடுங்கிப் போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எங்கள் ஊரான ஏலாக்குறிச்சியில் பலகாரத்துக்குக் கடலையெண்ணெய்தான். இந்த அச்சில் ஒட்டியிருந்தது தேங்காயெண்ணெயின் பழஞ்சிக்கு வாடை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது போகவில்லை.

எங்கள் ஊரில் அச்சு முறுக்கு புதிய பண்டம் அல்ல. வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. மார்கழி பிறந்தால் தெருவில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகாரம் வேகும். அச்சு முறுக்கு இல்லாமல் தட்டு நிறையாது. ஆனால் நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். எங்கள் வீட்டில் அச்சுக்கு வேலை வந்தது மார்கழியில் அல்ல, பங்குனிக் கடைசியில். அதைக் கொடுத்தனுப்பியவர் புத்தரைக் கும்பிட்ட ஒரு சிங்களக் கிழவி.

கொள்ளிடத்தை நம்பிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அப்பாவின் பாட்டனார் காலத்தில் ஒரு பஞ்சம் வந்தபோது, கங்காணியின் பேச்சைக் கேட்டுக் குடும்பமே இலங்கையின் கண்டிச்சீமைக்குக் கப்பலேறியது. திருச்சி ஜில்லாவிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். பெரம்பலூர், துறையூர், முசிறிப் பக்கம் விசாரித்தால், தேயிலைக் காட்டில் ஒரு பாட்டனைப் பறிகொடுக்காத தெரு அபூர்வம். நான் பிறந்தது மாத்தளைக்கு மேலே, ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில். பத்துக்குப் பத்து லயக் காம்பரா. விடிவதற்கு முன் பெரட்டுத் தப்பு கேட்கும். அம்மா கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவாள்.

தேயிலை முடியும் இடத்தில் ஒரு பீலி இருந்தது. மூங்கில் வழியாக ஊற்றுத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். பீலிக்கு அந்தப் பக்கம் சிங்கள ஊர் தொடங்கும். முதல் வீட்டில்தான் அச்சைத் தந்த ஆச்சி இருந்தார். வெள்ளைச் சட்டை, கம்பாயம், வாயில் வெற்றிலை. என் அப்பாயியும் அவரும் பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டே பேசுவார்கள். ஒருத்திக்குப் பாதித் தமிழ், இன்னொருத்திக்குக் கால் சிங்களம். மீதியைக் கையாலும் சிரிப்பாலும் நிரப்பிக்கொள்வார்கள்.

தீபாவளிக்கு எங்கள் தட்டு பீலியைத் தாண்டி அங்கே போகும். சித்திரைக்கு அவர் தட்டு இங்கே வரும். வந்த தட்டைக் கழுவி வெறுமனே திருப்பக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது வைக்க வேண்டும். அரிசிக்கும் மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கையே இரண்டு வேளையும் தின்றோம். அந்த வருஷத்தில்கூட அப்பாயி வெறும் தட்டு அனுப்பவில்லை. தோட்டத்துப் பலாவில் நாலு சுளை உரித்து வைத்து அனுப்பினாள்.

பங்குனி பிறந்ததும் ஆச்சி வீட்டில் வேலை தொடங்கிவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு. தரைக்குச் சாணம். அடுப்படியில் விறகு அடுக்கு ஆளுயரத்துக்கு எழும்பும். முள்முருங்கை சிவப்பாகப் பூத்து, எங்கோ மரத்துக்குள்ளிருந்து குயில் கூவத் தொடங்கும். சிங்கள ஊரில் அந்தக் கூவல்தான் வருஷத்துக்குக் கட்டியம். குயில் கூவியும் அரிசி இடிக்காத வீட்டுக்காரியை அக்கம்பக்கம் கேலி பேசும்.

பலகாரம் சுடும் நாளில் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போய்விடுவேன். அரிசி மாவில் கித்துள் பாணி ஊற்றிப் பிசைந்து, எண்ணெயில் ஒரு கரண்டி விட்டு, ஈர்க்கால் நடுவில் குத்திச் சுழற்றி மேலே எண்ணெய் வார்ப்பார். மாவு எழும்பி உச்சிக் கொண்டையாக நிற்கும். அதுதான் கொண்டைப் பலகாரம். கொக்கிஸ் சுடுவதற்குத்தான் அந்த அச்சு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், உப்பு, கொஞ்சம் மஞ்சள். அச்சை முதலில் எண்ணெயில் காய வைக்க வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. காய்ந்த அச்சை மாவில் முக்கும்போது விளிம்புக்கு ஒரு நூல் கீழே நிறுத்த வேண்டும். மேலே ஏறிவிட்டால் மாவு பூவை மூடிக்கொண்டு கழலாது. பிறகு எண்ணெயில் இறக்கி மணிக்கட்டை லேசாக உதறினால், மஞ்சள் பூ ஒன்று தனியே மிதந்து போகும். டச்சுக்காரர் காலத்தில் வந்த பண்டம் என்பார்கள். டச்சுக்காரர் போனார்கள், அவர்களுக்குப் பின் வெள்ளைக்காரர் போனார்கள், கொக்கிஸ் போகவில்லை.

இத்தனையும் சுட்டுப் பானையில் அடைத்துவிடுவார். ஒன்றுகூடத் தின்னத் தர மாட்டார். “நேரம் வரணும் புள்ள” என்பார். அந்த ‘நேரம்’ எனக்கு விளங்கப் பல காலம் ஆயிற்று.

நம் ஊரில் வருஷம் பிறக்கிறது என்றால் காலையில் எழுந்து குளித்துக் கோயிலுக்குப் போவது. அங்கே பழைய வருஷம் ஒரு நேரத்தில் முடியும், புது வருஷத்து வேலைகள் இன்னொரு நேரத்தில் தொடங்கும், நடுவில் ஒரு வெற்றிடம் கிடக்கும். சூரியன் வெறும் புள்ளி அல்ல, வட்டம். அந்த வட்டம் மீனத்தை விட்டு முழுசாக மேஷத்துக்குள் நுழைய 12 மணி 48 நிமிடம் என்பது அவர்கள் கணக்கு. அதன் சரிபாதிதான் வருஷப் பிறப்பு. இந்தப் புண்ணிய காலத்தின் முன்பாதியில் எந்த வேலையும் கிடையாது. சமைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, படிக்கவும் கூடாது. அது மட்டும் எங்களுக்குப் பிடித்திருந்தது. வெள்ளை உடுத்திப் பன்சலைக்குப் போய்ப் பூ வைத்து, பிக்கு பிரித் ஓதுவதைக் கேட்டு உட்கார்ந்திருப்பார்கள். சோதிடம் குறித்த நேரத்துக்கும் புத்தர் போதித்த வழிக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை. ஆனால் வேலை இல்லாத பொழுதை வீணாக்காமல் மனசைத் துடைக்கச் செலவிடு என்று அதற்குள் பௌத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆச்சி அடுப்பை அணைப்பதைப் பார்த்திருக்கிறேன். கொள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தண்ணீர் தெளிப்பார். சாம்பலை அள்ளி வெளியே கொட்டுவார். அடுப்பு ஆறியதும் சாணம் போட்டு மெழுகுவார். சட்டிபானை கவிழ்ந்துவிடும். எந்நேரமும் புகை மண்டிக் கிடக்கும் அந்த அடுப்படி அன்று வேறு யாருடைய வீடோ என்று தோன்றும்.

நாங்கள் அங்கே கண்ட கடைசிப் புத்தாண்டில் நேரம் காலையில் வந்தது. எங்கள் லயம் மேட்டில் இருந்ததால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பனி படிந்த கூரைகளில் ஒன்றிலும் புகையில்லை. கணக்கப்பிள்ளை வீட்டு ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். நேரம் அறிவித்த அதே நிமிடத்தில் பன்சலை மணி அடித்தது, வெடி வெடித்தது, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பெரிய ரபானைத் தட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே இருந்த அத்தனை கூரைகளிலிருந்தும் ஒன்றாகப் புகை எழுந்தது. பணக்காரன் வீட்டுப் புகை, ஏழை வீட்டுப் புகை என்று பிரிக்க முடியவில்லை. தீவு முழுவதும் அந்த நிமிடத்தில் அடுப்புப் பற்றுகிறது என்று அப்பா சொன்னார்.

புதுச் சட்டியில் பால் பொங்கி வழியும். பாற்சோறு கிண்டி, வாழையிலையில் பரப்பி, சதுரமாக வெட்டுவார்கள். சாப்பிடுவதற்கும் நேரம், எந்தத் திசை பார்ப்பது, எந்த நிறம் உடுத்துவது எல்லாம் குறித்திருக்கும். பிறகு கைவிசேஷம். ஆச்சி முதல் கொடுக்கல் வாங்கலைக் கிணற்றோடு வைத்துக்கொள்வார். பூவும் காசும் உள்ளே போட்டுவிட்டு முதல் வாளி தண்ணீரை இறைப்பார். வருஷம் முழுவதும் வாங்கப் போகிற கிணற்றுக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும். பிறகுதான் மனிதர்கள். பிள்ளைகள் வெற்றிலைக் கட்டை நீட்டிக் காலில் விழுந்து கும்பிடுவார்கள். எனக்கும் வெற்றிலையில் மடித்து ஒரு காசு தருவார்.

இரண்டொரு நாள் கழித்து எண்ணெய் வைக்கும் நேரம் வரும். தலைக்கு மேல் ஓர் இலை, காலுக்குக் கீழ் ஓர் இலை வைத்து, மூலிகை எண்ணெயை உச்சியில் தேய்ப்பார்கள். வேடிக்கை பார்க்கப் போன எங்களையும் பன்சலைப் பிக்கு கூப்பிட்டு வரிசையில் நிறுத்தித் தலையில் எண்ணெய் வைத்தார். 1821இல் வெளியான தம் நூலில் ஜான் டேவி என்ற படை மருத்துவர் கண்டி அரண்மனைப் புத்தாண்டைப் பதிந்திருக்கிறார். நாத தேவாலயத்தில் அரண்மனை வைத்தியர்கள் காட்டு மூலிகைச் சாறு எடுத்து, ஆயிரம் சிறு பானைகளில் முத்திரையிட்டு, அரண்மனைக்கும் கோயில்களுக்கும் அனுப்புவார்களாம். அதைப் படித்தபோது அந்த எண்ணெயின் குளிர்ச்சி உச்சந்தலையில் மறுபடி இறங்கியது. யாழ்ப்பாணத்தார் புத்தாண்டுக்கு மருத்துநீர் வைத்துக் குளிப்பதும் ஏறக்குறைய இதே சடங்குதான்.

இது பௌத்தப் புத்தாண்டுதானா என்று கேட்டால், கணக்குப்படி இல்லை. அங்கே புத்த சகாப்தம் மாறுவது வெசாக்கில். 1956 வெசாக்கில் 2500 ஆண்டு நிறைந்ததைத்தான் புத்த ஜயந்தியாகக் கொண்டாடினார்கள். சித்திரையில் பிறப்பது சூரியனுடைய வருஷம். தாய்லாந்தில் இதே நாட்களில் சொங்க்ரான். புத்தர் சிலைக்கு நீராட்டி, பெரியவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் வார்ப்பார்கள். பர்மாவிலும் கம்போடியாவிலும் லாவோசிலும் இதே வாரம்தான். நமக்கும் அதே மேஷ சங்கராந்தி. ஒரே சூரியன் ராசி மாறுவதை வைத்து அவரவர் தத்தம் சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

அரியலூர்ச் சீமைக்குப் புத்தரும் அந்நியர் அல்லர். சோழர் காலப் புத்தர் சிலைகள் விக்கிரமங்கலம், ஒகளூர், பரவாய் போன்ற நம் பக்கத்து ஊர்களிலேயே கிடைத்திருக்கின்றன. பா. ஜம்புலிங்கம் சோழ நாட்டுப் பௌத்தத்தைத் தேடி ஊர் ஊராக அலைந்து இவற்றைப் பதிவு செய்தார். முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குக் கொடையாகக் கொடுத்தான். ஆச்சியின் சாமி இந்த மண்ணில் ஒரு காலத்தில் குடியிருந்து, வாசல் அடைத்துப் போனவர்.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எங்களை எண்ணிப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் பெயர் முதல் கணக்கில் இருந்தது. மலையகத்திலிருந்து எங்களைப் போன்றவர்கள் ஏறிய ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். புறப்பட்ட அன்று பீலி வரைக்கும் வந்த ஆச்சி, துணியில் சுற்றி அந்த அச்சை அம்மாவின் கையில் திணித்தார். “அங்க இது இருக்குமோ என்னமோ” என்றார். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், பிறகு பார்த்தே இராத சொந்த ஊர்.

ஏலாக்குறிச்சியில் எங்களுக்குச் ‘சிலோன்காரங்க வீடு’ என்று பெயர் விழுந்தது. முதல் பங்குனிக் கடைசியில் அம்மா அடுப்பைக் கழுவி மெழுகிக் கவிழ்த்தபோது பங்காளிப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். “நாளும் கெழமையுமா எவளாவது அடுப்பை அணைப்பாளா?” என்று பெரிய அத்தை சத்தம் போட்டாள். இங்கே வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி, மாங்காய், பாயசம். பிள்ளையார் கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். நல்ல நாள் பார்த்து மாட்டுக்குக் குங்குமம் வைத்து நல்லேர் பூட்டி, ஒரு சுற்று உழுது, ஒரு பிடி விதை தெளிப்பார்கள். அம்மா இதெல்லாவற்றையும் விரும்பிச் செய்தாள். ஆனால் அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் இலங்கை வானொலி சொல்கிற நேரத்தில்தான். அப்போது அந்த வானொலி இந்தப் பக்கம் டீக்கடை தோறும் கேட்கும். ஊர் பாட்டுக் கேட்க அதைத் திருப்பியது. அம்மா அடுப்பு மூட்ட அதைத் திருப்பினாள்.

அம்மா செய்வது முதலில் பிடிபட்டது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குத்தான். மாதா கோயில் பக்தி நிறைந்தவர். “இதுல சிரிக்க என்ன இருக்கு? எங்களுக்குப் பெரிய வாரத்துல கோயில் மணியே அடிக்காதே! கட்டையைத் தட்டித்தான கூப்புடுறோம். உயிர்ப்பு ராத்திரி கோயில் விளக்கெல்லாம் அணைச்சிட்டு வெளியில புதுநெருப்பு மூட்டுறாங்க. அந்தப் புள்ள வீட்டு அடுப்புல செய்யுது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன. சித்தார்த்தி வருஷம் பிறந்த அன்றைக்குக் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய சனிக்கிழமை. காலையில் வானொலி சொன்ன நேரத்துக்கு அம்மா அடுப்பைப் பற்றவைத்துப் பால் பொங்கவிட்டு, ஒரு தட்டில் கொக்கிஸும் பாற்சோறும் வைத்துப் பக்கத்து வீட்டுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினாள். பெரியம்மா தவக்காலம் முழுவதும் பலகாரம் தொடாதவர். தட்டை வாங்கி மூடி உறியில் வைத்தார். நள்ளிரவுப் பூசை முடிந்து, புதுநெருப்பில் ஏற்றிய மெழுகுவத்தியைக் கையால் மறைத்தபடி தெருவோடு வந்தவர், வீட்டுக்குள் போகாமல் நேரே எங்கள் திண்ணைக்கு வந்தார். அம்மாவை எழுப்பி, அந்தத் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கொக்கிஸ் தின்றார்கள். பாற்சோறு கெட்டுப் போயிருந்தது. அதைச் சொல்லி அந்த நேரத்தில் அவர்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அந்த ஆண்டிலிருந்து அச்சுக்கு இரண்டு வீடு. பங்குனியில் எங்கள் வீட்டில் இருக்கும், மார்கழியில் அவர் வீட்டுக்குப் போகும். அவர் மாவில் சர்க்கரையும் முட்டையும் எள்ளும் சேர்ப்பார். அம்மா மஞ்சளோடு உப்பு மட்டும் போடுவாள். அச்சு அதேதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் 1977 இனக்கலவரம் வந்தது, 1983 வந்தது. சிங்கள–தமிழ்ப் புத்தாண்டு என்று அரசாங்கம் ஒரே மூச்சில் சொல்லும் பண்டிகையைச் சேர்ந்து கொண்டாடிய ஊர்களிலேயே வீடுகள் எரிந்தன. எங்கள் கடிதங்களுக்குப் பதில் நின்றுபோனது. ஆச்சி எப்போது போனார் என்று தெரியாது. அம்மா அதற்காகத் தேங்காயெண்ணெய் வாங்குவதை நிறுத்தவில்லை. “அடுப்பு யாரு மேலயும் கோவிச்சுக்காது” என்பாள்.

இப்போது எல்லாம் சுருங்கிவிட்டது. கொழும்பில் இருக்கும் உறவுக்காரப் பெண் கொண்டைப் பலகாரத்தைச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறாள். சுபநேரம் செல்போனில் வருகிறது. மாடிக் குடியிருப்பில் கேஸ் அடுப்பில் பால் பொங்கவிட்டுப் படம் அனுப்புகிறாள். 2022 சித்திரையில் மட்டும் படம் வரவில்லை. கேஸும் பால்மாவும் கிடைக்காமல் தீவே வரிசையில் நின்ற வருஷம். காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் தெருவிலேயே பால் பொங்கவைத்தார்கள். வேண்டுமென்று அணைத்த அடுப்புக்கும் வேறு வழியில்லாமல் அணைந்த அடுப்புக்கும் உள்ள தூரத்தை அந்தச் சித்திரை காட்டியது. விரும்பி அணைத்தவனுக்குத்தான் அது புண்ணிய காலம்.

இங்கேயும் மாற்றந்தான். நல்லேருக்கு மாடு இல்லை. டிராக்டருக்குச் சந்தனம் பூசுகிறார்கள். 2008இல் தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011இல் அது மறுபடி சித்திரைக்கு மாறியது. நடுவில் இருந்த ஆண்டுகளில் அம்மா எந்தச் சட்டத்தையும் பார்க்கவில்லை, வானொலியைத்தான் பார்த்தாள். அவளுக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் அடுப்பணைப்பது நின்று போனது. கேஸ் அடுப்பில் அணைக்க ஒரு திருகுதானே, அதில் என்ன சடங்கு என்று இருந்துவிட்டோம்.

அச்சை இரும்புக்காரனுக்குப் போடவில்லை. புளிபோட்டுத் தேய்த்து, இரண்டு நாள் எண்ணெயில் ஊறவிட்டேன். பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருஷப் பிறப்புக்கு முன்னால் திருகை மூடினேன். வீட்டில் ஒருவேளை யாரும் சமைக்கவில்லை. போனில் சோறு வரவழைக்கவும் கூடாது என்றேன். பேரன் முறைத்தான். பிறகு அவனே வந்து, “அப்பாயி, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனுக்கு ஆச்சி, பீலி, கோச்சி, கப்பல் எல்லாம் சொன்னேன். என் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் இவ்வளவு நேரம் கதை கேட்டது அன்றைக்குத்தான். அடுப்பணைப்பதால் வருஷம் நல்லதாகப் பிறக்குமா என்று எனக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கிற வீட்டை அது உட்கார வைக்கும். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து எழுந்தால்தான் எல்லாரும் ஒன்றாகத் தொடங்க முடியும். சாஸ்திரம் எழுதியவர்கள் நினைத்தது இதுதானோ என்னவோ, நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பேத்தி தட்டுகளைத் தெருவில் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். கொக்கிஸ் உப்புக்கரிக்கிறது என்று ஒரு வீட்டில் குறை சொன்னார்களாம். போன தட்டுகள் மாங்காயோடும் வெல்லத்தோடும் சர்க்கரையோடும் திரும்பிவிட்டன. இரண்டு மட்டும் வரவில்லை. அவள் போய்க் கேட்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அவை இரண்டும் கிறிஸ்தவ வீடுகளுக்குப் போனவை. கிறிஸ்துமஸுக்கு நிறைந்து வரும்.